நூலைத் தொடாதவங்க எல்லாம் மாக்களா?

நொய்யல்கரை (திருப்பூர்) | ஞாயிறு, காலை 10:12

வணக்கமுங்க. கோவத்துல எழுதறேன், மொதல்லயே சொல்லிடறேன்.

நேத்து சாயங்காலம் எங்கம்மாவக் கூட்டிட்டு ஒரு இலக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை, சம்பளம் வாங்கிட்டு கம்பெனில இருந்து நேரா வந்தாங்க. தலைல பஞ்சுத் தூசியக்கூடத் தட்டல. பேச வந்தவர் பேர் வேண்டாம், நல்லாத்தான் பேசினார். நடுவுல குறள் எடுத்தார். "விலங்கொடு மக்கள் அனையர் இலங்குநூல் கற்றாரோடு ஏனை யவர்." அதோட விட்டிருக்கலாம். படிக்கிறவன், எழுதறவன், படைக்கிறவன்தான் மக்களாம். தின்னுட்டு, வேலைக்குப் போய், தூங்கி எந்திரிக்கிறவங்க எல்லாம் மாக்களாம். நூலைத் தொடாத கை மனுசக் கையே இல்லையாம். ஒரே கைதட்டல். பழக்கதோசத்துல நானும் ரெண்டு தட்டு தட்டிட்டேன். அதுதான் ராத்திரி பூரா உறுத்துது.

பஸ்ல வர்றப்ப அம்மா கேட்டாங்க: "ஏங்கண்ணு, நூலத் தொடாத கைன்னாரே அந்த ஆளு, எந்த நூலச் சொன்னாரு? நான் கைமடியாச் சேந்த நாள்ல இருந்து இருபத்தேழு வருசமா நூலத்தான தொட்டுட்டு இருக்கறேன்?"

கேலிக்குக் கேட்டாங்களா, நெசமாக் கேட்டாங்களான்னு புரியல. ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன்.

அம்மா எட்டாவது வரைக்கும் படிச்சவங்க. கைமடில (டெய்லருக்குக் கை உதவி) ஆரம்பிச்சு இப்ப செக்கிங், தெச்ச துணில தப்பு இருந்தா ரிஜெக்ட் பண்ற வேலை. கலை, இலக்கியம், அறிவுத்தேடல் இதெல்லாம்தான் ஒருத்தர மனுசராக்குதுன்னா, அது இல்லாதவங்க யாருங்க? நெசமாவே தெரிஞ்சுக்கக் கேக்கறேன்.

---

பாவுநூல் (சென்னிமலை) | ஞாயிறு, காலை 11:05

கைவேலை செய்யறவனுக்கு மூளை இல்லைன்னு நெனைக்கிறவங்க ஒருக்கா பாவு (தறில நீளவாக்குல ஓடற நூல்) பிணைக்கிறதப் பாக்கோணும். தறில பழைய பாவு தீரும்போது அதோட ஒவ்வொரு இழையோடயும் புதுப் பாவோட இழையச் சேத்து, வெரல்ல சாம்பல் தொட்டுட்டு ஒரு முறுக்கு. அவ்வளவுதான், முடிச்சே கெடையாது. ஆயிரக்கணக்கான இழை. ஒண்ணு மாறுனா துணி பூரா அந்தத் தப்பு ஓடும். எங்க அம்மிச்சி கண்ணை மூடிட்டுச் செய்யும். அண்ணன்மார் கதையச் சொல்லிட்டே செய்யும். பொன்னர் சங்கர் குதிரை ஏறுற எடம் வந்தா கை வேகமாயிரும்.

அதனால அம்மாவுக்கும் ஏதாவது இருக்கும் பாருங்க. கோலம், பாட்டு, கும்மி? வள்ளி ஒயில் கும்மிய ஒரு காலத்துல ஆம்பளைங்க மட்டும்தான் ஆடுனாங்க. பொம்பளைங்களுக்கும் சொல்லிக்குடுத்தவர் நம்ம பக்கத்து பத்ரப்பன் ஐயா. அவருக்கு 2024-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. ஒவ்வொருத்தருக்குள்ளயும் ஒரு கலைஞர் ஒளிஞ்சிருக்காங்க.

---

ஆறாமறிவு (கோபி) | ஞாயிறு, பகல் 12:40

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் சில சொற்கள். அந்தப் பேச்சாளர் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

'மாக்கள்' என்பது அவர் உண்டாக்கிய வசை அல்ல. தொல்காப்பிய மரபியலில் "மாவும் மாக்களும் ஐயறி வினவே" என்று வருகிறது. அதை அடுத்து "மக்கள் தாமே ஆறறி வுயிரே". ஆகவே மனித உருவில் இருந்தும் ஐந்தறிவோடு நிற்பவர் உண்டு என்ற எண்ணம் நம்மிடம் பழையதுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆறாவது என்ன என்று அதே இயல் சொல்கிறது: "ஆறறி வதுவே அவற்றொடு மனனே." மனம். நூல் என்று இல்லை, பாட்டு என்று இல்லை, ஓவியம் என்றும் இல்லை. 'மக்கள் தாமே' என்ற அடிக்குப் பின்னால் "பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே" என்று கதவையும் சற்றுத் திறந்தே வைத்திருக்கிறது. அந்தப் 'பிற' எவை என்பதில் உரைகாரர்கள் தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை.

திருக்குறளிலேயே 410-ஐ எடுத்தவர் 997-ஐயும் எடுத்திருக்க வேண்டும்.
"அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர்
மக்கட்பண்பு இல்லா தவர்."
கல்லாதவனை விலங்கு என்றவர்தான் கூரிய அறிவுள்ளவனை மரம் என்றும் சொன்னார். விலங்காவது நகரும்.

---

லேத்துப்பட்டறை (கோவை, கணபதி) | ஞாயிறு, பகல் 1:15

வாத்தியாரய்யா, அரம்னதும் நம்ம ஏரியா வந்துருச்சு. அரம் மத்ததத்தான் தேய்க்கும், தன்னயத் தேய்ச்சுக்காது. அந்தப் பேச்சாளர் கேசும் அதேதான்.

படிப்புக்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லைங்கறதுக்கு ஜி.டி. நாயுடுவ விட வேற ஆளு வேணுமா? பள்ளிக்கூடத்துல ஒழுங்கா உக்காராதவர். மோட்டார் சைக்கிள் வாங்கறதுக்காக ஓட்டல்ல சர்வரா வேலை செஞ்சவர். 1937-ல பாலசுந்தரம் நாயுடுவோட சேந்து இங்கயே எலக்ட்ரிக் மோட்டார் செஞ்சாரு. இன்னிக்குக் கோவைல ஓடற பம்ப்செட்டுக்கெல்லாம் பிள்ளையார் சுழி அது.

---

இரவுஷிப்ட் (பல்லடம்) | ஞாயிறு, மாலை 4:30

எல்லாரும் ஒரே தப்பப் பண்றீங்க. அம்மிச்சி கலைஞர், நாயுடு விஞ்ஞானி. அப்ப "படைக்கிறவன்தான் மனுசன்"ங்கற ரூலை ஒத்துக்கிட்டுத்தான பேசறீங்க? நம்மாளுங்களும் அதுல பாஸ்னு சர்ட்டிபிகேட் வாங்கப் பாக்கறீங்க, அவ்வளவுதான்.

சிலந்தி நெசவாளி மாதிரி வேலை செய்யும், தேனீ கூடு கட்டறதப் பாத்தா கொத்தனாருக்கே வெக்கமா இருக்கும், ஆனா மோசமான கொத்தனார்கூடக் கட்றதுக்கு முன்னாடி மண்டைக்குள்ள ஒருக்கா கட்டிப் பாத்துடறான், அதுதான் வித்தியாசம்னு மார்க்ஸ் 1867-ல எழுதினார். சரி. இப்பக் கம்பெனிக்கு வாங்க. மண்டைக்குள்ள கட்றது மெர்ச்சண்டைசர், பேட்டர்ன் மாஸ்டர். டெய்லருக்கு வர்றது ஒரு கழுத்துப்பட்டி. அதே கழுத்துப்பட்டி, நாள் பூரா. காலைல எட்டரைக்கு உள்ள போனா ஒன்றரை ஷிப்ட் முடிச்சு ராத்திரி எட்டுக்கு வெளிய. வீட்டுக்கு வந்து சோறாக்கி, துணி தொவைச்சு, படுக்கறப்ப பதினொண்ணு.

அந்த ஆளுகிட்ட நான் கேக்கறது இதுதான். நீங்க புக்கு படிச்ச நேரம் யாரோடது? உங்க வீட்ல அன்னிக்குச் சோறாக்குனது யாரு?

---

இட்டேரி (காங்கயம் பக்கம்) | ஞாயிறு, இரவு 8:10

சிலந்திய விடுங்க, தூக்கணாங்குருவியப் பாருங்க. எங்க தோட்டத்துக் கெணத்துக்கு மேல தென்ன மட்டைல வருசா வருசம் தொங்கும். ஆண் குருவி நாரக் கிழிச்சுட்டு வந்து மொதல்ல பாதிக் கூடுதான் பின்னும், கவுத்து வெச்ச தொப்பி மாதிரி. உள்சுவத்துல ஈர மண்ண அப்பும். (மின்மினிய ஒட்டி வெளக்கு வெக்கும்ங்கறது பாட்டி கதை, நான் பாத்ததில்ல.) அந்தப் பாதியோட நின்னுட்டு றெக்கைய அடிச்சுக் கூப்பிடும். பொட்டைக் குருவி வந்து உள்ள உக்காந்து, இழுத்து, கொத்திப் பாக்கும். புடிச்சாத்தான் ஆண் மீதியக் கட்டி, வாசல் கொழாயத் தொங்க விடும். புடிக்கலைன்னா அந்தப் பாதிக் கூடு அப்படியே கெடக்கும், வேற ஒண்ணு ஆரம்பிக்கோணும். அதுக்கு மண்டைக்குள்ள பிளான் இல்லைன்னு யார் போய்ப் பாத்தது?

படம் வரையறதும் நம்ம மட்டும் இல்ல. 1950-கள்ல லண்டன் மிருகக்காட்சிசாலைல ஒரு சிம்பன்சி நானூறு படம் போட்டுது. டெஸ்மண்ட் மோரிஸ்ங்கற விலங்கியல்காரர்தான் பேப்பர் பென்சில் குடுத்தது. பாதில புடுங்குனா கத்துமாம், முடிஞ்சிருச்சுன்னு அதுக்காத் தோணுனா எவ்வளவு கெஞ்சுனாலும் அடுத்த கோடு போடாதாம். 2005-ல அதோட மூணு ஓவியம் ஏலத்துல 14,400 பவுனுக்குப் போச்சு. பேரு காங்கோ. கொங்கு இல்லீங்க, காங்கோ.

---

லேத்துப்பட்டறை | ஞாயிறு, இரவு 8:22

14,400 பவுனா?? தங்கமா?

---

இட்டேரி | ஞாயிறு, இரவு 8:25

இங்கிலாந்துக் காசுங்க மாமா.

---

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 10:47

பாவுநூல் அண்ணா, நல்ல மனசுலதான் கேட்டீங்க. ஆனா அதுக்குப் பதில் எழுதறப்பதான் என் கோவம் எதுமேலன்னு எனக்கே வெளங்குது.

எங்கம்மாவுக்குக் கோலம் வராது. மார்கழில வாசல்ல நாலு புள்ளி வெச்சு ஒரு நட்சத்திரம், அதுவும் ஒரு பக்கம் சாஞ்சிருக்கும். பாட மாட்டாங்க. கும்மிக்குக் கூப்பிட்டா முட்டி வலின்னு திண்ணைல உக்காந்துக்குவாங்க. கதை சொல்லத் தெரியாது, கடைசிய மொதல்லயே சொல்லிருவாங்க. சமையலும் அப்படித்தான், பசிக்குச் சாப்பிடலாம். லீவு நாள்ல சீரியல் பாப்பாங்க, பாதில தூங்கிருவாங்க.

ஒளிஞ்சிருக்கற கலைஞர் யாரும் இல்லீங்க. தேடிப் பாத்துட்டேன்.

இல்லைன்னா என்ன? ஏதோ ஒரு தெறமையக் கண்டுபுடிச்சாத்தான் அவங்களுக்கு மனுசர்ங்கற எடத்தக் குடுப்போமா? பேச்சாளர் மேடைல இருந்து செஞ்சத நாம பாசத்தோட செய்யறோம். இரவுஷிப்ட் சொன்னது பாதிதான் ஒத்துக்கறேன். நாளைக்கே எட்டு மணி நேர வேலையாகி, சாயங்காலம் பூரா ஃப்ரீயா இருந்தாலும் எங்கம்மா எழுத ஒக்காரப் போறதில்ல. தூங்குவாங்க. எதிர் வீட்டு அக்காகூட வாசப்படில உக்காந்து யாருக்கு எத்தன பவுன் போட்டாங்கன்னு பேசுவாங்க.

---

பாவுநூல் | திங்கள், காலை 6:30

தப்புத்தான் சாமி. ராத்திரி படிச்சுட்டு கொஞ்ச நேரம் தூக்கம் வரல.

வேற ஒண்ணு ஞாபகம் வந்துது. எங்கூர்ல இருந்து கொடுமணல் பக்கம். நொய்யல் கரைல தோண்டுனப்ப ஒருக்கா சைக்கிள்ல போய்ப் பாத்தேன். பச்சைக்கல், படிகம், சூதுபவளத்துல மணி செஞ்ச எடம். பொதுவா முழு மணியத்தான கண்காட்சில வெப்பாங்க? அங்க பாதி வேலைல நின்ன மணிகளும் கெடைச்சுது. சும்மா ஒடைச்ச கல்லு, ஓரம் தட்டுனது, தேய்ச்சது, தேய்ச்சும் ஓட்டை போடாதது. யாரோ ஒருத்தர் சாயங்காலம் "நாளைக்குப் பாத்துக்கலாம்"னு கீழ வெச்சுட்டுப் போன மாதிரி. பானை ஓட்டுல தமிழ் பிராமில பேரெல்லாம் கீறியிருக்குது. மணில பேரு எழுத எடமில்ல.

அந்த ஆளு கலைஞனா, கூலியான்னு எப்படிங்க சொல்றது? எனக்குத் தெரியல.

---

ஆறாமறிவு | திங்கள், காலை 9:00

கொடுமணல் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிற்றுப்பத்து 74-ஆம் பாட்டில் அரிசில்கிழார் "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்கிறார். வினை மாண், அதாவது வேலைப்பாட்டால் சிறந்தது. பாட்டுடைத் தலைவன் பெயர் தெரியும், பெருஞ்சேரல் இரும்பொறை. பாடியவர் பெயர் தெரியும். பாடியதற்கு ஒன்பது நூறாயிரம் காணம் (பொற்காசு) பரிசு என்று பதிகம் கணக்கே சொல்கிறது. அந்த வினையைச் செய்தவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று எந்தப் பதிகமும் சொல்லவில்லை.

நான் நாற்பது ஆண்டு நடத்திய பாட்டு இது. இந்தக் கேள்வியை ஒரு மாணவனும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

---

லேத்துப்பட்டறை | திங்கள், பகல் 1:40

குரூப்ல வந்துது, இங்க பொருந்தும். மார்கரெட் மீட்னு ஒரு மானுடவியல் அம்மாகிட்ட நாகரிகத்தோட முதல் அடையாளம் எதுன்னு கேட்டாங்களாம். பானையா, கல்லாயுதமான்னு எதிர்பாத்தா, "ஒடைஞ்சு கூடுன தொடை எலும்பு"ன்னாங்களாம். காட்டுல கால் ஒடைஞ்ச மிருகம் பொழைக்காது. எலும்பு கூடியிருக்குன்னா அது கூடற வரைக்கும் யாரோ பக்கத்துல இருந்து சோறு போட்டிருக்காங்கன்னு அர்த்தம். அதுதான் மனுசத்தன்மை. கடைசில ஆறு கும்பிடு எமோஜியோட பார்வேர்டு பண்ணச் சொல்லியிருந்துது, நான் அதை மட்டும் வெட்டிட்டேன்.

---

இட்டேரி | திங்கள், பகல் 2:05

மாமா, அந்தம்மா அப்படிச் சொன்னதுக்கு எழுத்துல ஆதாரம் எதுவும் கெடையாதுங்க. மிருகத்துக்கும் எலும்பு கூடறது உண்டு.

ஆனா அந்தக் கதை தேவையே இல்ல. ஈராக்ல சனிதார் குகைல கெடைச்ச நியாண்டர்தால் ஆளு ஒருத்தர் இருக்காரு. சின்ன வயசுலயே மூஞ்சில அடி, ஒரு கண் பார்வை போயிருக்கும்ங்கறாங்க. வலது கை சூம்பி, முழங்கைக்குக் கீழ இல்ல. கால் தாங்கல். காதும் சரியாக் கேட்டிருக்காதாம். அத்தனையோட நாப்பது வயசு தாண்டியிருக்காரு, அந்தக் காலத்துக்கு அது கெழடு. நம்ம இனமே கெடையாது அவரு.

சோறு போட்டவங்க ஓவியம் வரைஞ்சாங்களான்னு யாரும் கேக்கறதில்ல.

---

டிசைன்ரூம் (திருப்பூர்) | திங்கள், இரவு 9:20

ரெண்டு நாளா சும்மா படிச்சுட்டு இருந்தேன். டீசர்ட்டு நெஞ்சுப் பிரிண்டுக்கு டிசைன் போடறவன் நான். பதினோரு வருசம். கூட்டத்துக்குப் போயிருந்தா நானும் 'படைக்கிறவன்' பக்கம் உக்காந்து கைதட்டியிருப்பேன்.

இந்த சீசன்ல என்ன நடக்குதுன்னா, பையர் ஒரு வரி எழுதி ஏஐ-ல போட்டு நாப்பது படம் எடுத்துட்டு வந்துடறாரு. என் வேலை அதுல ஆறாவது வெரல அழிக்கிறது, பிரிண்டுக்குக் கலர் பிரிக்கிறது. செஸ்ஸுக்குத்தான் மூளை வேணும்னாங்க, 1997-ல காஸ்பரோவ் தோத்தாரு. 'கோ'ங்கற ஆட்டம் மிஷினுக்கு வராதுன்னாங்க, 2016-ல லீ செடோல் 4-1-ல தோத்தாரு. ஒவ்வொரு தடவையும் கோட்டத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கறோம். இப்பக் கதை, கவிதை, படம். மனுசன்னா படைப்புன்னு சொன்னவங்க இனி எங்க போய் நிப்பாங்க?

வேடிக்கை என்னன்னா, கீழ லைன்ல உக்காந்திருக்கற அக்காவோட வேலை இன்னும் மிஷினுக்கு வரல. சிங்கிள் ஜெர்சி துணிய வெட்டுனதும் ஓரம் தானாச் சுருண்டுக்கும். அத வெரலால நீவி, இழுக்காம, ஆனா தொங்கவும் விடாம ஊசிக்குள்ள குடுக்கோணும். கொஞ்சம் இழுத்தா கழுத்து அலை அலையா வந்துரும். இரும்பு மாதிரி வெறைப்பா நிக்கிற பொருள ரோபோ புடிக்கும். துவண்டு விழற துணிகிட்ட திணறுது. நமக்குக் கஷ்டமானது மிஷினுக்கு லேசு, ஒரு வயசுக் கொழந்தைக்கு லேசானது மிஷினுக்குக் கஷ்டம்னு ஹான்ஸ் மொராவெக் 1980-கள்லயே சொல்லியிருக்காரு.

அதுக்காக, மிஷினால முடியாததுதான் மனுசத்தன்மைன்னும் நான் சொல்ல மாட்டேன். நாளைக்கு அதுவும் வந்துரும், அன்னிக்கு அந்த அக்கா மனுசி இல்லாமப் போயிருவாங்களா? வேலை போகும், கடன் கட்ட முடியாது. அது வேற கவலை, பெரிய கவலை. இதுல போட்டுக் கொழப்ப வேண்டாம்.

---

மாடரேட்டர் | திங்கள், இரவு 10:00

ஏஐ டிசைன் கோர்ஸ் விளம்பரம் மூணு நீக்கப்பட்டது. இந்த விவாத இழை மனுசங்களுக்கு மட்டும்.

---

ஆறாமறிவு | செவ்வாய், காலை 7:15

எல்லாம் சரி. ஆனால் ஒரு இடத்தில் நான் இறங்கிவர மாட்டேன்.

90-களில் அறிவொளி இயக்கத்தில் இரவு வகுப்பு எடுத்தேன். மஞ்சள் காட்டில் களை எடுத்துவிட்டு வந்த ஒரு ஆத்தா, அறுபது வயதிருக்கும். மூன்று மாதம் கழித்து ஒரு நாள் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்தவர், பேருந்தின் நெற்றியைக் காட்டி "ச-த்-தி... சத்தி!" என்று கத்தினார். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவிநாசி, பவானி, அந்தியூர் என்று வரிசையாக ஒவ்வொரு பேருந்தாகப் படித்தார். அவர் போக வேண்டிய பேருந்து அதற்குள் போய்விட்டது.

அதற்கு முன் அவர் மாக்கள், அதன் பின் மக்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த முகத்தில் இருந்ததை "அதெல்லாம் அவசியமில்லை" என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். நூலை வைத்து ஆளை அளக்கக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். நூலே வேண்டாம் என்று இந்த இழை போய்விடக் கூடாது. அப்படிச் சொல்வது எப்போதும் ஏற்கெனவே படித்தவன்தான்.

---

இரவுஷிப்ட் | செவ்வாய், காலை 7:40

ஐயா, இதுக்கு நான் எதுத்துப் பேச மாட்டேன். எங்கம்மாவும் அறிவொளிலதான் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டாங்க.

---

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 9:35

இழை பூராவும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பூண்டு உரிச்சுட்டே கேட்டாங்க. அண்ணன்மார் கதைல தலையாட்டினாங்க. சனிதார் ஆளுக்கு "அந்தக் கையோட நாப்பது வருசமா"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. மார்க்ஸ் வர்றப்ப குக்கர் விசில் வந்துருச்சு. வாத்தியாரய்யாவோட ஆத்தா பஸ்ஸ விட்ட எடத்துல சிரிச்சுட்டு, "அந்த நேரத்துக்குச் சத்திக்கு அடுத்த பஸ்ஸு எப்போ?"ன்னாங்க.

பஸ்ல கேட்டது கேலியா, நெசமான்னு கடைசியாக் கேட்டுட்டேன். "எது?"ன்னாங்க. நூல் விசயம்னேன். "அதயா இன்னும் பேசிட்டு இருக்கறீங்க"ன்னுட்டாங்க.

புடிச்சது தூக்கணாங்குருவிதான். பொட்டைக் குருவி பாதிக் கூட்டுல உக்காந்து இழுத்துப் பாத்துட்டு, புடிக்கலைன்னா போயிரும்னு படிச்சதும் பூண்டக் கீழ வெச்சுட்டாங்க. "அப்ப அது செக்கிங்கு!"

கொஞ்ச நேரம் கழிச்சு, "கண்ணு, ரிஜெக்ட் ஆன கூட்டுக்கு அந்த ஆம்பளக் குருவிக்குப் பீஸ்ரேட்டு உண்டாமா? அந்த அண்ணங்கிட்டக் கேளு"ன்னாங்க.

இட்டேரி அண்ணா, கேட்டாச்சு.

---

இட்டேரி | செவ்வாய், இரவு 9:50

இல்லைன்னு சொல்லுங்க. அதே நாரப் பிரிச்சு எடுத்துக்கவும் மாட்டேங்குது. மறுக்கா மொதல்ல இருந்து.

---

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 9:58

சொன்னேனுங்க. "பாவம்"னாங்க. ரசத்தச் சூடு பண்ணப் போயிட்டாங்க.